சுல்கோஷ்ச் ஆண்பால்

சுல்கோஷ்ச்,
3 மார்ச் 1974

வலேரியன்,

ஆறு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். சமாதானம் பேச எழுதுவதாக நினைத்துக்கொள்ளாதே. இது புகார். தபால் நிலையத்தில் இருபத்தெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறவளுக்கு எந்தப் புகாரை எந்தச் சன்னலில் கொடுப்பது என்று தெரியும். இதற்கு உன் சன்னல்தான்.

உன் அத்தான் இரேனியுஷ் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நோன்புக்கு முந்தைய கொழுப்பு வியாழன் அன்று நடந்தது. ரயில்வே ஸ்டேஷன் வேலை முடிந்து காலை பத்து மணிக்கு வந்தார். நான் ஜாம் வைத்த பான்ச்கி உருண்டைகளைப் பொரித்துக்கொண்டிருந்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே இரண்டு தின்றார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். குழறலாக இருந்தது. “வாயில ஜாமை வச்சுக்கிட்டே பேசாதீங்க, ஒண்ணும் புரியல” என்றேன். சிரிக்கப் பார்த்தார். பாதி முகம்தான் சிரித்தது. பான்ச்கி கீழே விழுந்தது, கை அதன் பின்னாலேயே தொங்கிவிட்டது.

மருந்துக்கடைக்கு ஓடினேன். கடைக்காரர் ஹியரோனிம் உடனே மாவட்ட ஆம்புலன்ஸ் நிலையத்துக்குப் போன் போட்டார். பக்கத்திலேயே நின்று கேட்டேன். “சுல்கோஷ்சாவுக்கு வண்டி அனுப்புங்க, சந்தைச் சதுக்கம், ஏழாம் நம்பர்” என்று தெளிவாகச் சொன்னார். பதினோரு கிலோமீட்டர். பதினைந்து நிமிஷத்தில் வந்திருக்க வேண்டும். ஒரு மணி இருபது நிமிஷம் ஆனது.

வண்டி எங்கே போனது தெரியுமா? ஆற்றுக்கு அக்கரைக் கிராமத்துக்கு. அங்கே போய்ச் சந்தைச் சதுக்கம் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். “சந்தையா? இங்க கோழிங்க மேயற இடம்தான் இருக்கு” என்றிருக்கிறாள் ஒருத்தி. பாலத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தார்கள். டிரைவர் எனக்குச் சீட்டைக் காட்டினான். “எனக்கு எழுதிக் குடுத்தது இதும்மா. ‘சுல்கோஷ்சிக்கு’ன்னு போட்டிருக்கு. சுல்கோஷ்சின்னா அக்கரைதானே. பொறந்ததுலேர்ந்து அப்படித்தான் தெரியும்.”

அவன் சொன்னதில் தப்பில்லை. இரண்டு ஊருக்கும் பெயர் சுல்கோஷ்ச்தான். ஆனால் நம் ஊர் ஆண், அந்தக் கிராமம் பெண். போகும்போதும் வரும்போதும்தான் வால் மாறும்: நம் ஊருக்கு வருகிறவன் சுல்கோஷ்சாவுக்கு வருகிறான், அந்தக் கிராமத்துக்குப் போகிறவன் சுல்கோஷ்சிக்குப் போகிறான். இந்தப் பக்கத்தில் நடக்கக் கற்ற குழந்தைக்கும் இது தெரியும். போனில் சொன்னது ‘சா’. சீட்டில் எழுதியது ‘சி’. நடுவில் யாரோ திருத்தியிருக்கிறார்கள்.

இரேனியுஷுக்கு வலது கை அசையவில்லை, பேச்சும் இல்லை. பத்தொன்பது வருஷம் ஒலிபெருக்கியில் ரயில்களை அறிவித்த குரல். “நேரத்துக்கு வந்திருந்தா இவ்வளவு போயிருக்காது” என்றார் டாக்டர். 

நாட்டிலுள்ள ஊர்ப்பெயர்களுக்கெல்லாம் சரியான உருவம் குறிக்கிற குழுவில் நீயும் இருக்கிறாய் என்று பத்திரிகையில் படித்தேன். ஜூனில் பட்டியல் அச்சுக்குப் போகிறதாம். அதில் நம் ஊர் பெண்பால் என்று போட்டிருக்கிறதாம். மாற்று.

லெயோகாடியா

*

வார்சா,
11 மார்ச் 1974

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அத்தானுக்கு நேர்ந்தது பற்றி நான் எவ்வளவு வருந்துகிறேன் என்பதைத் தாங்கள் நம்புவீர்களா என்று தெரியவில்லை. இங்கே நரம்பு மருத்துவர் ஒருவரை அறிவேன். தாங்கள் சம்மதித்தால் பேசுகிறேன்.

பெயர் விஷயத்தில் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். ‘கோஷ்ச்’ என்று முடியும் ஊர்ப்பெயர்கள் இன்றைய மொழியில் பெண்பாலின் பக்கமே சாய்கின்றன. பிட்கோஷ்ச் பெரிய நகரம், அது பெண்பால், அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. ‘இரவு’, ‘எலி’ போன்ற சொற்களும் நம் மொழியில் மென்மையான ஒலியில் முடிந்து பெண்பாலாக நடக்கின்றன. ஒரே முடிவுள்ள பெயர்களுக்கு ஒரே விதி இருப்பது நல்லது. மாணவர்களுக்கு எளிது, அலுவலகங்களுக்கு எளிது. இப்போதிருக்கும் குழப்பமே இரண்டு விதிகள் இருப்பதால் வந்தது அல்லவா? பட்டியல் வந்துவிட்டால், நகரம், கிராமம் என்று அடைமொழி சேர்த்துக்கொள்ளலாம்.

நடந்தது பதிவு செய்தவரின் கவனக்குறைவு. அதற்கு இலக்கணம் பொறுப்பல்ல. இதைக் கடுமையாகச் சொல்லவில்லை.

அத்தானிடம் என் (இந்த வாக்கியத்தை மூன்று முறை எழுதிப் பார்த்தேன். விட்டுவிடுகிறேன்.)

தங்கள்,
வலேரியன்

*

சுல்கோஷ்ச்,
20 மார்ச் 1974

வாலெக்,

எப்போதிருந்து நான் ‘தாங்கள்’ ஆனேன்? உன் மூக்கைத் துடைத்து வளர்த்தவள் நான். மரியாதை கொடுத்தால் தூரத்தில் நிற்கலாம் என்று பார்க்கிறாயா?

கவனக்குறைவு என்று எழுதினாய். அந்தக் கவனக்குறைவு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தது. பூசைக்குப் பிறகு கதவைத் தட்டினாள். கையில் கசகசா கேக், தலையில் பச்சைக் கம்பளித் தொப்பி, இருபத்து மூன்று வயசுக்கு மேல் இருக்காது. பெயர் பெர்னதெத்தா. ஆம்புலன்ஸ் நிலையத்தில் போன் எடுக்கிறவள்.

“அம்மா, அன்னைக்குச் சீட்டு எழுதினது நான்தான்” என்றாள். உள்ளே வரச் சொன்னேன். என்ன பண்ணுவேன், வாசலிலேயே நிற்க வைத்துத் திட்டவா? டீ போட்டேன். குடிக்கவில்லை.

“அவரு சுல்கோஷ்சான்னுதான் சொன்னாரு. எனக்கு நல்லாவே கேட்டுச்சு. அது தப்பான பேச்சுன்னு நெனச்சேன். சரியா எழுதணுமேன்னு சி போட்டேன்.”

“யாருடி சொன்னது தப்புன்னு?”

“ஸ்கூல்ல படிச்சதும்மா. வாக்கியமே மனப்பாடம். பரீட்சையில வந்துச்சு, எனக்கு முழு மார்க்.”

ஒப்பித்தாள். அந்த வாக்கியத்தை நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. உன் இலக்கணப் புத்தகத்தில் நூற்றுப் பதினான்காம் பக்கம், ‘பொதுவான பிழைகள்’ என்ற அத்தியாயத்தில், பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டு: “என் மகன் சனிக்கிழமை சுல்கோஷ்சாவுக்கு வருகிறான்.”

அம்மா உனக்கு எழுதிய கடிதத்தின் வரி அது. ஊர்ப்பெயரைக்கூட மாற்றவில்லை நீ.

அந்தப் புத்தகம் வந்தபோது அம்மா அதை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவெல்லாம் காட்டினாள். மகன் புத்தகம் போட்டிருக்கிறான் என்று. படிக்கச் சொன்னது பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியரின் மனைவியை. அவள் வேண்டுமென்றே அந்தப் பக்கத்தைத் திறந்து உரக்கப் படித்தாள். “அட, உங்க வாக்கியம் வந்திருக்கே, தப்புக்கு உதாரணமா.” அம்மா சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகு உனக்குக் கடிதம் எழுதவில்லை, கவனித்தாயா? மூட்டு வலி என்று என்னை எழுதச் சொன்னாள். மூட்டு வலி ஒன்றும் இல்லை. பால்காரிக்குச் சீட்டு எழுதினாள், பாதிரியாருக்கு எழுதினாள். உனக்கு எழுத மட்டும் பயந்தாள். இரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தாள். அடக்கத்து விருந்தில் உன்னை எழுந்து போகச் சொன்னது இதற்குத்தான். அப்போது காரணம் சொல்லவில்லை. உனக்கே தெரியும் என்று நினைத்தேன். உன் கடிதத்தைப் படித்தால் இன்னமும் தெரியவில்லை என்று தோன்றுகிறது.

பெர்னதெத்தா போகும்போது, “அந்தப் புத்தகம் எழுதினவர பாத்தா கேக்கணும்” என்றாள். என் தம்பி என்று சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

நரம்பு டாக்டர் வேண்டாம். எங்கள் டாக்டர் நன்றாகப் பார்க்கிறார்.

லோஜா

*

வார்சா,
7 ஏப்ரல் 1974, குருத்து ஞாயிறு

லோஜா அக்கா,

பதினெட்டு நாள் எடுத்துக்கொண்டேன். நாலு பதில் எழுதிக் கிழித்தேன். எல்லாமே நன்றாக எழுதப்பட்டவை. அதனால்தான் கிழித்தேன்.

அம்மாவுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. மூட்டு வலி என்றுதான் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

ஏன் அந்த வாக்கியத்தை எடுத்தேன் என்று சொல்கிறேன். 1949 அக்டோபர், பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பு. ஒவ்வொருவரும் எழுந்து எங்கிருந்து வருகிறோம் என்று சொல்ல வேண்டும். நான் “சுல்கோஷ்சாவிலிருந்து” என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பேராசிரியர் தலையைத் தூக்காமலே, “சுல்கோஷ்சியிலிருந்து. உட்காருப்பா” என்றார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்றிலிருந்து எங்கே கேட்டாலும் ‘சி’ என்றுதான் சொன்னேன். பதினேழு வருஷம் கழித்துப் புத்தகம் எழுத உட்கார்ந்தபோது, பிழைக்கு உதாரணம் தேடி அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. என்னைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாதபடி, நானே முதலில் சிரித்துவிட்டேன். அம்மாவின் செலவில்.

இப்போது இலக்கணம். உனக்கு எழுதிய முதல் கடிதத்தில் நான் சொன்னது பாதி. மீதியை மறைத்தேன் என்று சொன்னால் பொருந்தும், ஏனென்றால் எனக்குத் தெரியும்.

சுல்கோஸ்ட் என்று ஒரு மனிதன் இருந்திருக்கிறான். ‘மேலான விருந்தாளி’ என்று பொருள். அவனுடைய கோட்டை என்பதைப் பழைய மொழியில் சொல்ல, பெயரின் கடைசியில் ஒரு ‘ய்’ சேர்த்தால் போதும். அந்த ‘ய்’ பட்டு ‘ஸ்ட்’ குழைந்து ‘ஷ்ச்’ ஆனது. ஆக சுல்கோஷ்ச் என்றால் ‘சுல்கோஸ்டினுடைய’. அவ்வளவுதான். நம் ஊர்ப்பெயர் வெறும் ஆறாம் வேற்றுமை. உடைமை உதிர்ந்துபோய் உடையவன் மட்டும் நிற்கிறான். உதிர்ந்தது எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கோட்டை என்ற சொல் நம் மொழியில் ஆண்பால். அதனால் ஊர் ஆண். கிராமம் என்ற சொல் பெண்பால். அதே மனிதனுக்கு அக்கரையில் ஒரு கிராமம் இருந்திருக்க வேண்டும், அதனால் அது பெண். அதன் வாலில் முன்பு ஒரு ‘ஆ’ இருந்து தேய்ந்திருக்கிறது. எண்ணூறு வருஷமாக, கோட்டை மண்மேடான பிறகும், அங்கே கோட்டை இருந்ததை ஜனங்கள் வாயால் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதை நான் பிழை என்று எழுதினேன்.

மாற்ற முடியும். ஆனால் நான் சொன்னால் மட்டும் போதாது. குழுவுக்கு இரண்டு வேண்டும்: நூறு வருஷத்துக்கு முந்தைய எழுத்துச் சான்று ஒன்று, இன்றும் ஊரார் அப்படித்தான் பேசுகிறார்கள் என்பதற்கான சான்று ஒன்று. மே இருபத்து மூன்றாம் தேதி கூட்டம். டாக்டர் ஓல்கியெர்த் என்பவர் எதிர்ப்பார். விதிகளில் கறாரான மனிதர். அவர் வாதத்தை நன்றாக அறிவேன், நான்தான் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். அம்மாவின் கடிதங்கள் நூற்றுப் பன்னிரண்டும் என்னிடம் இருக்கின்றன. அவற்றைக் கூட்டத்தில் படிக்கலாமா? ஒரு தடவை கேட்காமல் எடுத்தேன். இந்தத் தடவை கேட்கிறேன்.

வாலெக்

*

சுல்கோஷ்ச்,
12 மே 1974

வாலெக்,

சான்றுகள் இத்துடன் இருக்கின்றன. ரிஜிஸ்தர் தபாலில், என் கையாலேயே முத்திரை குத்தி அனுப்புகிறேன்.

பழைய எழுத்துக்குப் பாதிரியாரிடம் போனேன். அவர் என்னைப் பழைய ஏடுகளோடு பூசை உடை மாற்றும் அறையில் உட்கார வைத்து, “பூட்டிட்டுப் போறேன், தும்மாதே, தூசி நானூறு வருஷத்துது” என்றார். நாலு மதியம் உட்கார்ந்தேன். எல்லாம் லத்தீன். பெயர்கள் மட்டும்தான் புரிந்தன. ஐந்தாம் நாள் 1643 ஆம் வருஷத்து ஆலைத் தகராறு ஒன்று கிடைத்தது. எழுத்தர் லத்தீனில் எழுதிக்கொண்டே போகிறார், ஆலைக்காரன் கோபத்தில் கத்தியதை மட்டும் நம் மொழியில் அப்படியே எழுதிவிட்டார்: “நான் சுல்கோஷ்சாவிலிருந்து வந்தவன், என்னை எவனும் சுல்கோஷ்சிக்காரன் என்று சொல்ல வேண்டாம்.” வாலெக், ஒரே வரியில் இரண்டும். ஆலைக்காரனை முத்தமிட்டிருப்பேன். பாதிரியார் தன் கையால் நகல் எடுத்து, சான்று முத்திரை வைத்துக் கொடுத்தார். படம் எடுக்கப் புகைப்படக்காரர் மரியானைக் கூட்டி வந்தேன், அதுவும் இருக்கிறது.

இன்றைய பேச்சுக்கு என் சன்னலே போதும். ஏப்ரல் பத்திலிருந்து மே பத்து வரை, நம் ஊர்ப்பெயரை வாலோடு சொன்ன ஒவ்வொருவரையும் குறித்தேன். யாருக்கும் சொல்லவில்லை, சொன்னால் ஜாக்கிரதையாகப் பேசுவார்கள். ‘சா’ சொன்னவர்கள் நானூற்றுப் பதினொன்று. ‘சி’ சொன்னவர்கள் ஆறு: சோப்பு விற்க வந்த வெளியூர்க்காரர்கள் நாலு பேர், புதிய கால்நடை டாக்டர், தலைமை ஆசிரியரின் மனைவி. கடைசியாகச் சொன்னவள் கோபம் வந்தபோது ‘சா’வுக்கு மாறினாள், தந்தி தாமதமானதற்குக் கத்தும்போது. அதையும் குறித்திருக்கிறேன்.

பெர்னதெத்தாவும் ஒன்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். நடந்ததை நடந்தபடி. அவளிடம் நீ யார் என்று சொல்லிவிட்டேன். பச்சைத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, “அப்ப அவருக்கும் யாரோ தப்பா சொல்லிக் குடுத்திருக்காங்க” என்றாள். உன்னைவிட நல்ல மனசு அவளுக்கு.

அம்மா கடிதங்களைப் பற்றி. எனக்கு இஷ்டமில்லை. உன் அத்தான் இரேக்கிடம் கேட்டேன். வீட்டுக்கு வந்துவிட்டார், ‘ஆமா’, ‘இல்ல’ மட்டும் வருகிறது, சில நாள் இரண்டும் இடம் மாறி வருகிறது. கடிதங்களைப் படிக்க விடலாமா என்றேன். “ஆமா” என்றார். இடம் மாறியதோ என்று மறுபடியும் கேட்டேன். மேசையைத் தட்டி, “ஆமா” என்றார்.

படி. ஆனால் அம்மா பேசுகிற மாதிரிப் படி. உன் வகுப்புக் குரலில் படித்தால் எனக்கு இங்கே கேட்கும்.

லோஜா

*

வார்சா,
25 மே 1974

லோஜா,

நேற்றே எழுத நினைத்தேன், முடியவில்லை.

குழுவில் ஒன்பது பேர். நம் ஊர் மதியத்துக்கு முன் கடைசி வரிசையில் வந்தது, எல்லோருக்கும் பசி. ஆலைக்காரனின் வரியைப் படித்ததும் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள், அது நல்ல சிரிப்பு. உன் சன்னல் கணக்கைச் சுற்றுக்கு விட்டேன். “இதை எழுதினவங்க மொழியியல் படிச்சவங்களா?” என்று தலைவர் கேட்டார். “தபால் முத்திரை குத்தறவங்க” என்றேன். “எங்க மாணவங்களவிட ஒழுங்கா இருக்கு” என்றார். கோபத்தில் மாறிய அந்த அம்மாளின் குறிப்பை அவர் இரண்டு முறை படித்தார்.

பிறகு ஓல்கியெர்த் எழுந்தார். ஒரு ஊருக்கு விலக்கு கொடுத்தால் நாளைக்கு நாற்பது ஊர் வரிசையில் நிற்கும் என்றார். மவோகோஷ்ச் என்ற ஊர் ஏற்கெனவே ஆண்பாலாகத்தான் இருக்கிறது, வானம் இடிந்து விழவில்லை என்றேன். அவர் விடவில்லை.

அம்மாவின் கடிதங்களை எடுத்தேன். மூன்று படித்தேன். முதலாவதில் என் குரல் வகுப்புக் குரலாகத்தான் வந்தது. நிறுத்தி, தண்ணீர் குடித்து, மறுபடி ஆரம்பித்தேன். பன்றி அடித்தது, கூரை ஒழுகுவது, சுல்கோஷ்சாவுக்கு எப்போது வருகிறாய் என்பது. பதினோரு தடவை ‘சா’.

“உங்க தாயார் எத்தனாவது வரைக்கும் படிச்சவங்க?” என்று கேட்டார் ஓல்கியெர்த். கேலியாகக் கேட்கவில்லை, அவருக்கு அது ஒரு விவரம்.

“நாலாவது.”

“அப்படின்னா இலக்கணம் தெரிஞ்சு எழுதினாங்கன்னு சொல்ல முடியாது.”

“தெரிஞ்சுதான் எழுதினாங்க. தெரியாதவன் நான்.”

அப்போது அவர் என் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்தார். ஐந்தாம் பதிப்பு. நூற்றுப் பதினான்காம் பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைத்தார். “இதே வாக்கியத்த நீங்க பிழைன்னு போட்டிருக்கீங்க. எட்டு வருஷமா நாட்டுல இருக்கற பிள்ளைங்க எல்லாம் இத படிக்கறாங்க. நாங்க எந்த வலேரியனை நம்பணும்?”

அந்த அறையில் உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல கேள்வி கிடைத்திருக்காது. சொன்னேன். அது என் அம்மாவின் வரி, கேட்காமல் எடுத்தேன், வகுப்பில் என்னைப் பார்த்துச் சிரித்ததற்காக எடுத்தேன், அதைப் படித்து முழு மார்க் வாங்கிய ஒரு பெண் ஒரு சீட்டில் எழுதினாள் என்று. பெர்னதெத்தாவின் காகிதத்தைப் படித்தேன். அத்தானின் பெயரைச் சொல்லவில்லை. ‘ஸ்டேஷன் அறிவிப்பாளர்’ என்று மட்டும் சொன்னேன். 

“இதையெல்லாம் உங்க பேர்லயே அச்சுல போடுவீங்களா?” என்றார் ஓல்கியெர்த்.

“போடறேன். அடுத்த பதிப்புல அந்த அத்தியாயமே இருக்காது. முன்னுரையில காரணம் இருக்கும்.”

அவர் உட்கார்ந்துவிட்டார். வாக்கெடுப்பில் ஏழுக்கு இரண்டு. இரண்டில் ஒன்று அவருடையது, அதற்காக அவரை நான் மதிக்கிறேன். சுல்கோஷ்ச், நகரம், ஆண்பால். சுல்கோஷ்ச், கிராமம், பெண்பால். இரண்டுக்கும் பக்கத்தில் வால் அச்சிடப்படும். மாவட்ட ஆம்புலன்ஸ் நிலையத்துக்கு முன்கூட்டியே ஒரு நகல் அனுப்பச் சொல்லித் தலைவரிடம் கையெழுத்து வாங்கினேன், அது செவ்வாய் அங்கே போய்ச் சேரும்.

பதிப்பகத்தார் போனில் என்னோடு நல்லபடியாகப் பேசவில்லை. துறையில் இளைஞர்கள் நான் போகும்போது பேச்சை நிறுத்துகிறார்கள். போகட்டும். இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக நேற்று ஒருவர் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டதும் யோசிக்காமல் பதில் சொன்னேன்.

அத்தானின் கை இதனால் திரும்பி வராது. அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

வரலாமா?

வாலெக்

*

சுல்கோஷ்ச்,
16 ஜூன் 1974

வாலெக்,

பட்டியல் நகல் ஆம்புலன்ஸ் நிலையத்துக்கு வந்துவிட்டது. பெர்னதெத்தா அதைப் போனுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறாளாம். நகரசபைத் தலைவர் ஒரு கூட்டம் போட்டு, தானே போராடி வாங்கியது போலப் பேசினார். பேச்சில் மூன்று இடத்தில் ‘சி’ என்றார். ஜனங்கள் ஒவ்வொரு தடவையும் ‘சா’ என்று ஒன்றாகக் கத்தினார்கள். நான்காவது தடவை சரியாகச் சொன்னார்.

நீ கூட்டத்தில் சொன்னதையெல்லாம் இரேக்குக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டார்.

வெள்ளிக்கிழமை அவரை மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் பேச்சுச் சோதனைக்குக் கூட்டிப் போனேன். புது டாக்டர், இளைஞர், வேறு மாகாணத்துக்காரர். படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார். பூனைக்கு ‘ஆமா’, கத்தரிக்கோலுக்கு ‘இல்ல’.  கடைசியில், “எந்த ஊர்லேர்ந்து வரீங்க?” என்றார். இரேக் கண்ணை மூடிக்கொண்டார். ரயில் வருவதற்கு முன் ஒலிபெருக்கி முன்னால் நிற்கும்போது அப்படித்தான் மூடுவார். முகம் சிவந்தது. “சுல்... கோஷ்... சாவுலேர்ந்து” என்றார்.

நாலு மாசத்தில் ‘ஆமா’, ‘இல்ல’ தவிர முதல் சொல்.

டாக்டர் பென்சிலை எடுத்தார். “நல்லது. சுல்கோஷ்சியிலேர்ந்து. விகுதி மட்டும் தடுமாறுது” என்று சொல்லித் தாளில் ஒரு கழித்தல் குறி போட்டார்.

நான் வாயைத் திறந்தேன். இரேக் இடது கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். அந்தக் கையை டாக்டரின் தாள்மேல் வைத்து அழுத்தினார்.

“தப்பு இல்ல” என்றார். இரண்டு சொல், அடுத்தடுத்து, அதனதன் இடத்தில்.

டாக்டர் என்னைப் பார்த்தார். “அவர் சொல்றது சரிதான் டாக்டர், கவர்மென்ட் பட்டியல்லயே வருது” என்றேன். அந்தப் பிள்ளை வாதாடவில்லை. ரப்பரை எடுத்து அழித்துவிட்டுக் கூட்டல் குறி போட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் இரேக் தூங்கினார். நான்தான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அழுதேன், யாருக்கும் தெரியாமல்.

வரலாமா என்று கேட்டிருந்தாய். சனிக்கிழமை மதிய ரயிலில் வா. நேராக வீட்டுக்கு வராதே. முதலில் அம்மாவிடம் போ. அவளிடம் சொல்ல வேண்டியதை நான் கேட்க வேண்டாம். சாப்பாடு இரண்டு மணிக்கு. பெர்னதெத்தாவையும் கூப்பிட்டிருக்கிறேன்.

லோஜா